பட்டணத்திலே உடன்பிறந்தார் வீடு

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால், தமையன் வீட்டுக்கும் தமக்கை வீட்டுக்கும் இம்மொழி செல்லாது என்பதே நம்மவரிற் பலர் கொண்டுள்ள நம்பிக்கை. உடன்பிறந்தார் வீடு நம் வீடு. அங்கே நாம் விருந்தாளிகள் அல்லோம். ஆகவே எத்தனை நாள் தங்கினால் என்ன, எந்நேரத்திற் கதவைத் தட்டினால் என்ன என்று எண்ணுகிறோம். இந்த எண்ணத்திலே அன்பு உண்டு. அதனை யாருங் குறை கூற முடியாது. ஆயினும், ஊரிலிருந்து புறப்பட்டுக் கொழும்பிலே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் உடன்பிறந்தாரிடஞ் சென்று திரும்புவோர் சிலர், போகும்போது கொண்டு சென்ற அன்பைத் திரும்பும்போது பாதியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்களே, அது ஏன்?

"அண்ணை முந்தின மாதிரி இல்லை." "அக்கா கொழும்புக்காரியாய் மாறிவிட்டா." "மச்சாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை." இவ்வாறான பேச்சுகள் ஊர்க் கிணற்றடியிலே பிறந்து, தொலைபேசி வழியே கொழும்புக்குச் சென்று, இருபது முப்பது ஆண்டுகளாக வளர்ந்த பாசத்தை ஒரு வாரத்திலே கருகச் செய்துவிடுகின்றன. ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வராமற் போகிறது. ஒரு காணிப் பங்கு வழக்காக மாறுகிறது. ஆராய்ந்து பார்த்தால், இத்தகைய பிணக்குகளிற் பலவற்றுக்கு வேர் மனமாற்றமன்று, பழக்க மாற்றமே. பட்டணம் தன் மக்களுக்குச் சில பழக்கங்களைக் கட்டாயமாகக் கற்பிக்கிறது. அவற்றின் காரணம் அறியாதவனுக்கு அவை செருக்காகத் தோன்றுகின்றன; அறிந்தவனுக்கோ அவை நெருங்கி வாழ்பவர் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையாகத் தெரிகின்றன. அக்காரணங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

பெயரும் இலக்கமும்

ஊரிலே ஒருவர் வீட்டைத் தேடுவது எளிது. "பிள்ளையார் கோயிலடியில் இறங்கிக் கிழக்கே நடவுங்கோ, பெரிய புளியமரத்துக்கு அடுத்த வளவு" என்றாற் போதும். பாட்டனார் பெயரைச் சொன்னால், வழியிலே பட்டம் விட்டுக்கொண்டிருக்குஞ் சிறுவனே படலை வரையும் அழைத்துச் சென்று விடுவான்.

பட்டணத்திலே மனிதரைப் பெயராற் கண்டுபிடிக்க முடியாது, இலக்கத்தாலேதான் கண்டுபிடிக்கலாம். கொழும்பு மாநகரம் தபால் வசதிக்காகப் பதினைந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. வெள்ளவத்தையிலோ ஒழுங்கைகளிற் பலவற்றுக்குப் பெயரும் இல்லை, எண்ணே பெயர். வீட்டிலக்கத்திலே ஒரு சாய்கோடு வந்தால், அது பெரும்பாலும் முன்வீட்டுக்குப் பின்னாலோ மேல்மாடியிலோ உள்ள வேறொரு குடியிருப்பைக் குறிக்கும். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணை எழுதாமல் வந்தவர் அரை நாள் அலைய நேரும். முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கைத்தொலைபேசி உண்டே என்பீர்கள். இரவு முழுவதும் பிரயாணஞ் செய்த கைத்தொலைபேசி, விடியற்காலையிலே உயிர் விடுவதும் உண்டு.

திசையறிய ஓர் எளிய வழி கூறலாம். காலி வீதி கடலோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. கடல் எப்போதும் மேற்கே. கடல் உங்கள் வலக்கைப் பக்கமாயின் நீங்கள் தெற்கே தெகிவளையை நோக்கி நிற்கிறீர்கள். இடக்கைப் பக்கமாயின் வடக்கே கோட்டையை நோக்கி நிற்கிறீர்கள். கொழும்புக்காரர் "கடற்பக்கம்", "தரைப்பக்கம்" என்று வழி கூறுவதும் இதனாலேதான்.

படலையும் பூட்டிய கதவும்

ஊர் வீட்டுக்கு வேலியும் படலையும் உண்டு. ஆயினும் பகலிற் படலை திறந்தே கிடக்கும். "வீட்டிலை ஆரும் நிக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவது நம் வழக்கம். தொடர்மாடியிலே வாழ்பவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் நமக்கு மனம் சுருங்குகிறது.

"ஏனக்கா, பட்டப் பகலிலும் கதவைப் பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்று தங்கை கேட்கிறாள்.

"இந்த மாடிக்கு ஒரு நாளைக்கு எத்தினைபேர் ஏறி இறங்கினம் எண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை? ஊரிலை வாறவையை நாய் அறியும். இஞ்சை நாயும் இல்லை, வேலியும் இல்லை. கதவுதான் எனக்கு வேலி" என்கிறாள் தமக்கை.

அவள் கூறியது முற்றும் உண்மை. ஊரிலே நமக்கும் அயலாருக்கும் இடையில் இரண்டு பரப்புக் காணி இருக்கிறது, மாமரம் இருக்கிறது. தொடர்மாடியிலோ ஒரு சுவர்தான் இருக்கிறது. நம் காலடித் தரையே கீழ்வீட்டாருக்குக் கூரை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதிரையை இழுத்தால், கீழே பரீட்சைக்குப் படித்துவிட்டுப் பிந்தி உறங்கிய பிள்ளை விழித்துக்கொள்கிறது. வெளிநாட்டிலுள்ள மாமனுடன் ஊர்க் குரலிலே தொலைபேசியிற் பேசினால், குடும்பத்துச் சங்கதி ஆறு வீட்டாருக்குத் தெரிந்துவிடுகிறது. "மெதுவாய்க் கதை" என்று தமக்கை சொல்வது நம்மை அடக்குவதற்கன்று. நாம் ஊருக்குத் திரும்பிய பின்பும் அவள் அந்த அயலாருடன் வாழவேண்டும் என்பதற்காகவே.

வருமுன் அறிவிப்பதும் இவ்வாறே. இரண்டு அறையுள்ள வீட்டிலே நால்வர் வாழ்கின்றனர். ஒருவர் இரவு வேலை முடிந்து பகலில் உறங்குவார். ஒரு பிள்ளைக்கு மாலையிலே தனியார் வகுப்பு. இன்ன நாள் இன்ன புகையிரதத்தில் வருகிறேன், இத்தனை நாள் நிற்பேன் என்று முன்கூட்டிச் சொல்பவனுக்குப் பாய் விரிக்க இடம் ஒழுங்காகும். "சும்மா வந்தனான், எப்ப போறதெண்டு தெரியாது" என்பவன், தன்னை அறியாமலே அவ்வீட்டாரின் ஒரு மாத ஒழுங்கைக் கலைத்துவிடுகிறான்.

தண்ணீரும் நெருப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின் கீழே தேங்கிய மழைநீரைக் கிணறு வழியாக அள்ளுகிறோம். துலா மிதித்து இறைத்த காலத்திலும், மோட்டார் போட்டு இறைக்கும் இக்காலத்திலும், தண்ணீர் நம் வளவுக்குள்ளேயே இருக்கிறது. வாளி வாளியாகத் தலையில் வார்த்து முழுகுவது நமக்குப் பேரின்பம். வார்த்த நீர் வீணாவதுமில்லை. வாழைப் பாத்திக்கு ஓடுகிறது.

கொழும்புக்குத் தண்ணீர் தொலைவிலிருந்து வருகிறது. களனி கங்கைக் கரையிலுள்ள அம்பத்தளையிலே சுத்திகரிக்கப்பட்ட நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் குழாய் வழியே நகரத்தை அடைகின்றன. தொடர்மாடியிலே அந்நீரை மின்மோட்டாரால் மேலே உள்ள தாங்கிக்கு ஏற்றவேண்டும். ஆகவே குழாயைத் திறந்து விடும்போது நீருக்கும் காசு, மின்சாரத்துக்கும் காசு. ஓர் அலகு நீர் என்பது ஆயிரம் லீற்றர். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறிச் செல்லும் முறையிலேதான் கட்டணம் அறவிடப்படுகிறது. மின்சாரத்துக்கும் இதே முறைதான். நாலு பேர் வாழும் வீட்டிலே ஏழு பேர் ஒரு மாதம் தங்கினால், பட்டியல் அதே அளவில் மாத்திரம் ஏறுவதில்லை. அதற்கு மேலும் ஏறுகிறது. மைத்துனர் "லைற்றை அணை, தம்பி" என்று சொல்வது கஞ்சத்தனமன்று; அது கணக்கு.

அடுப்பும் அப்படியே. ஊரிலே பனை மட்டையும் தென்னம்பாளையும் விறகுக்கு உண்டு. தொடர்மாடிக் குசினியிலே எரிவாயு அல்லது மின்சாரம் இன்றிச் சமைக்க வழியில்லை. 2022 ஆம் ஆண்டில் நாட்டிலே சமையல் எரிவாயு தட்டுப்பட்டபோது, சிலிண்டருக்காக மக்கள் வீதியோரம் வரிசையிலே காத்து நின்றனர். அந்நாட்களை மாடியிலே கழித்த இல்லத்தரசி, இன்றும் "சுடுதண்ணி எல்லாருக்கும் ஒரே தரத்திலை வைப்பம்" என்று சொன்னால், அவள் சொல்லுக்குப் பின்னே அனுபவம் இருக்கிறது.

பஸ் வண்டியிலே ஒரு பாடம்

கொழும்பிலே ட்ராம் வண்டி ஓடிய காலம் 1960 ஆம் ஆண்டுடன் முடிந்தது. இன்று நகரவாசிக்குப் பஸ் வண்டியே பெருந்துணை. காலி வீதியிலே 100 ஆம் இலக்க வண்டி பாணந்துறைக்கும், 101 ஆம் இலக்க வண்டி மொரட்டுவைக்கும் புறக்கோட்டையிலிருந்து செல்கின்றன. இவ்விலக்கங்களை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதிக் கொழும்பு கைவசமாகும். ஏறுமுன் சில்லறைக் காசு கையில் இருக்கவேண்டும். ஏறியதும் வாசலில் நின்றுவிடாது உள்ளே நகரவேண்டும். முன்னாலுள்ள ஆசனங்கள் மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்டவை. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கியவையும் உண்டு. வெறுமையாய் இருக்கின்றனவே என்று ஓடிச் சென்று அமர்ந்தால், அடுத்த தரிப்பிடத்திலே வெட்கத்துடன் எழும்ப நேரும்.

சிங்களம் அறியாத வாலிபர்கள் பஸ்ஸிலே அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டியதில்லை, சில சொற்கள் போதும். "இஸ்ஸரஹட யன்ன" என்று நடத்துநர் கூவினால், முன்னே செல்லுங்கள் என்பது பொருள். இறங்குமிடத்திலே "பஹினவா" என்றால், இறங்குகிறேன் என்பது பொருள். "மல்லி" என்று உங்களை அழைத்தால், கொத்தமல்லி விற்பவனென்று எண்ணிவிடாதீர்கள். சிங்களத்திலே மல்லி என்றால் தம்பி. நங்கி என்றால் தங்கை. அக்கா அங்கும் அக்காவே. நம் வழக்கிலே தந்தையையும் பெரியோரையும் குறிக்கும் "ஐயா" போன்று ஒலிக்குஞ் சொல், அவர்கள் வழக்கிலே தமையனைக் குறிக்கும். முன்பின் அறியாத மனிதரை இப்பட்டணம் தம்பி என்றும் அக்கா என்றும் அழைப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இதயமில்லாத ஊர் என்று நாம் பழிக்கும் நகரத்திலே, தெருவிலே வழங்கும் விளிகள் உடன்பிறப்பின் பெயர்களாகவே இருக்கின்றன.

குப்பை என்னும் பெரிய காரியம்

ஊரிலே குப்பை ஒரு பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. வாழைத்தோல் மாட்டுக்கு, சாம்பல் தென்னை அடிக்கு, சருகு உரக் கிடங்குக்கு. பட்டணத்திலே ஒரு மீன் முள்ளை எறியவும் இடமில்லை. உக்குவதை வேறாகவும் உக்காததை வேறாகவும் கட்டி, குறித்த நாளிலே குறித்த நேரத்திலே ஒப்படைக்கவேண்டும். இதனை வீண் சடங்கென நகைப்போர், 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதியை நினைவுகூர வேண்டும். சித்திரைப் புதுவருட நாளாகிய அன்று, கொழும்புக்கருகே மீதொட்டமுல்லையிலே மலைபோல் குவிக்கப்பட்டிருந்த நகரக் குப்பை சரிந்து, அண்டையிலிருந்த வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒருவன் வீட்டு வாசலில் இருந்து போன குப்பை இன்னொருவன் வீட்டைப் புதைக்கக்கூடும் என்பதை அந்நாள் காட்டிற்று. அண்ணியார் இரண்டு வாளிகளைக் காட்டி, "இதிலை இது, அதிலை அது" என்று சொல்லும்போது, முகஞ் சுளியாது கேட்பது நம் கடன்.

இருபுறமுந் திறந்த கதவு

இத்தனை சிறிய காரியங்களை இவ்வளவு விரிவாகப் பேசுவதேன் என்று வாசகர் கேட்கலாம். உடன்பிறந்தார் வீடு நம்மவருக்கு வெறும் தங்குமிடமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதே விடை.

1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரையும் நிறைவுற்றது. ஆங்கிலங் கற்ற வாலிபர் அரசாங்க உத்தியோகம் நாடித் தெற்கே சென்றனர். பலர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து சமைத்துண்டு, மிஞ்சியதை மணியோடராக ஊருக்கு அனுப்பினர். மூத்தவன் கொழும்பிற் காலூன்றினான். இளையவன் அவன் பாயிலே படுத்துப் படித்தான். 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. பகலிலே புறப்பட்டுப் பகலிலேயே தமையன் வாசலை அடையலாம் என்ற நிலை வந்தது.

பிறகு காலம் மாறிற்று. 1958 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் கொழும்பிலே தமிழர் வீடுகள் தாக்கப்பட்டபோது, உடுத்த உடையுடன் கப்பலேறி வடக்கே வந்த குடும்பங்கள் பல. அப்போது ஊர் வீட்டுக் கதவு திறந்தது. யாரும் "எத்தனை நாள் நிற்பீர்கள்?" என்று கேட்கவில்லை. 1990 ஆம் ஆண்டிலே போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வடக்கிலிருந்து பெயர்ந்தோர் பலர் கொழும்பிலுள்ள உடன்பிறந்தாரின் சிறு வீடுகளிலே ஒடுங்கினர். அப்போது பட்டணத்துக் கதவு திறந்தது. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி, கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவினால் அதனைத் தடுத்தது. விருந்தினரைத் தம் வீட்டில் வைத்திருப்பதே அச்சமாயிருந்த அக்காலத்திலும், தம்பியை வெளியே போ என்று சொல்லாத தமக்கையர் எத்தனைபேர்! தமக்கை கதவைப் பூட்டி வைக்கும் பழக்கத்துக்குப் பின்னே, இந்நினைவுகளும் சில வீடுகளில் இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இடரிலே இருபுறமுந் திறந்த கதவை, அமைதிக் காலத்திலே ஒரு வாளித் தண்ணீருக்காகவும் ஒரு கடுஞ் சொல்லுக்காகவும் அடைத்துக்கொள்வோமாயின், அதனினும் பேதைமை வேறில்லை.

இரு பாலார்க்கும் ஒரு சொல்

செல்பவருக்குச் சில சொற்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒடியல் மாவும் எள்ளுருண்டையும் கொண்டு செல்லுங்கள். கூடவே, ஒரு நாட் சந்தைச் செலவை உங்கள் கையாற் செய்யுங்கள். உண்ட கோப்பையை நீங்களே கழுவுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மாலையிலே திரும்பப் பிந்துமாயின் ஒரு சொல் அறிவியுங்கள். கடலைப் பார்க்கப் போகும்போது, வெள்ளவத்தையிலே வீதிக்கும் கடலுக்கும் இடையில் புகையிரதப் பாதை உண்டு என்பதை மறவாதீர்கள். அலையின் இரைச்சலிலே வண்டியின் ஓசை கேளாது போகலாம். மாணவர்கள் கடைத்தெருவை மாத்திரம் கண்டு திரும்பவேண்டாம். 1877 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை உண்டு. பொது நூலகம் உண்டு. 1942 ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே ஒரு நூலகத்துடன் இருக்கிறது. ஒரு பகலை அங்கே கழித்தால், வீட்டாருக்கும் சற்றே ஓய்வு, உங்களுக்கும் அறிவு.

வரவேற்பவருக்கும் ஒரு சொல் உண்டு. வந்த முதல் நாளிலேயே வீட்டின் ஒழுங்கைக் காரணத்துடன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். காரணங் கூறாத கட்டளையே மனத்தைப் புண்படுத்துகிறது. "தண்ணியைப் பார்த்துப் பாவி" என்பதிலும், "மேலைத் தாங்கி முடிஞ்சால் இரவுக்குத் தண்ணி இல்லை, தம்பி" என்பதிலே அன்பு மிகுதி. வந்தவன் லிப்டிலே தடுமாறினாலும், பஸ்ஸிலே தரிப்பிடத்தைத் தவறவிட்டாலும், பிள்ளைகள் நகைக்க இடங்கொடாதீர்கள். நீங்களும் ஒரு நாள் தகரப் பெட்டியுடனோ துணிப் பையுடனோ கோட்டைப் புகையிரத நிலையத்திலே இறங்கித் திகைத்து நின்றவர்களே. உங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, கிணற்றிலே வாளி விடத் தெரியாது விழிக்கப் போகின்றவர்களும் அவர்களே. அப்போது அவர்கள் கையைப் பிடித்துக் கயிற்றைக் கொடுக்கப் போகிறவன், இன்று உங்கள் விறாந்தையிலே பாய் விரித்துப் படுத்திருக்கும் இந்தத் தம்பிதான்.